வயோதிகரின் ஆகாரமும் சரீரத்தின் எடையும்

என் அத்தை ஒருத்தி, எழுபத்தைந்து வயதுக்கு மேல், தன் மோதிரத்தின் அடிப்புறத்தில் மஞ்சள் நூலைச் சுற்றி அணிந்துகொள்ளத் தொடங்கினாள். விரலை விட்டு நழுவாமல் இருப்பதற்காகத்தான். முதல் வருஷம் நான்கு சுற்றுப் போதுமாக இருந்தது. மறு வருஷம் அது தடித்து ஒரு சிறு கட்டாகவே ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து போன உறவினர் யாவரும், 'உடம்பு நன்றாக லேசாகிவிட்டதே, இந்த வயதில் இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று புகழ்ந்துவிட்டுப் போனார்களேயன்றி, அந்த நூலின் தடிப்பை ஒரு நோயின் கணக்காக எண்ணிப் பார்த்தவர் ஒருவருமில்லை, நானும் எண்ணவில்லை. வயதானவர் குறைவாக உண்பது விவேகம், மெலிவது ஆரோக்கியத்தின் இலட்சணம் என்னும் அபிப்பிராயம் நம்மிடையே அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது எவ்வளவு தூரம் உண்மை, எவ்விடத்தில் வழி தவறுகிறது என்பதை, இத்துறையில் இதுவரை சேர்ந்துள்ள ஆராய்ச்சிகளைக் கொண்டு சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

மிதாகாரத்தைப் போற்றுவது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. வெனிஸ் நாட்டுப் பிரபுவாகிய லூயிஜி கொர்னாரோ என்பவர், இளமையில் உண்டு களித்து உடல் கெட்டு, வைத்தியர்களின் எச்சரிக்கைக்குப் பிறகு நாளொன்றுக்கு 12 அவுன்ஸ் ஆகாரமும் 14 அவுன்ஸ் திராட்சரசமும் என்று வரையறுத்துக்கொண்டு நெடுங்காலம் வாழ்ந்தார். 1558-ஆம் ஆண்டு பதுவாவில் வெளிவந்த அவருடைய மித வாழ்வைப் பற்றிய நூல் ஐரோப்பியப் பாஷைகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டுத் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டது. சுற்றத்தார் வற்புறுத்தியதற்காக இரண்டு அவுன்ஸ் கூட்டியதும் தாம் நோயில் விழுந்ததாக அதில் அவரே எழுதியிருக்கிறார். (1566-இல் அவர் இறந்தபோது எண்பதைக் கடந்திருந்தார் என்பதில் ஐயமில்லை, நூற்றை நெருங்கினார் என்பது அவர் தம் வயதைக் கூட்டிச் சொல்லிக்கொண்டதன் விளைவென்று சரித்திர ஆசிரியர் பலர் கருதுகின்றனர். மெலிந்த உடலைப் போலவே கூடுதலான வயதும் ஒருவிதப் பெருமைதான் போலும்!) நம் திருக்குறளிலும் மருந்து என்ற அதிகாரத்துப் பத்துப் பாக்களில் பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியே பேசுகிறது. ஆனால் அங்கே கூறப்படுவது, முன் உண்டது செரித்த பின் பசியின் அளவறிந்து உண்ணும் முறை. அளவு என்ற சொல்லுக்குக் குறைவு என்று பொருள் செய்துகொண்டது பிற்காலத்தவராகிய நாமே.

விஞ்ஞானமும் இந்தப் பழைய நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் துணை நின்றது. 1935-இல் அமெரிக்காவின் கார்னெல் சர்வகலாசாலையில் கிளைவ் மெக்கே என்பவர், ஏனைய சத்துக்களைக் குறைக்காமல் ஆகாரத்தின் மொத்த அளவை மட்டும் இளமை முதலே சுருக்கி வளர்த்த எலிகள் நெடுங்காலம் உயிர்வாழ்ந்ததைக் காட்டினார். அன்று முதல் இன்று வரை 'குறைய உண்டால் கூட வாழலாம்' என்ற வாக்கியம் அந்த எலிகளின் முதுகில் ஏறிக்கொண்டுதான் பயணம் செய்கிறது. மனிதரிடம் இதை முறையாகச் சோதித்த கேலரி என்னும் இரண்டாண்டுப் பரிசோதனையில் கலந்துகொண்ட 218 பேரும் 21 முதல் 50 வயதுக்கு உட்பட்டவர்கள். நூற்றுக்கு 25 பங்கு உணவைக் குறைப்பதாகத் தொடங்கிய அவர்கள் உண்மையில் குறைத்தது ஏறக்குறைய 12 பங்கே. இரத்த அழுத்தமும் கொழுப்பும் அவர்களிடம் சீர்பட்டன என்பது மெய். ஆயினும் நடுவயதுக்காரனுக்குக் கிடைத்த அந்த நன்மையை எண்பது வயதுக் கிழவிக்கு அப்படியே உரியதாக்குவது, வாலிபனுக்குத் தைத்த சட்டையைப் பாட்டனாருக்கு மாட்டிவிட்டு அளவு சரியாக இருக்கிறது என்று சாதிப்பதைப் போன்றது.

எடையை எதைக்கொண்டு அளப்பது என்பது அடுத்த கேள்வி. இன்று வைத்தியசாலைச் சுவர்களிலெல்லாம் தொங்கும் உடல் நிறைக் குறியெண், அதாவது கிலோவில் கண்ட எடையை மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண், பெல்ஜிய தேசத்துக் கணித மேதையாகிய அடால்ஃப் கெட்டலே 1830-களில் கண்ட விகிதம். அவர் வைத்தியருமல்லர், நோயாளி ஒருவருக்கும் அதைக் கொண்டு மருந்து சொன்னவருமல்லர். ஜனசமூகத்தில் சராசரி மனிதன் எப்படி இருக்கிறான் என்பதைக் கணக்கிடுவதே அவருடைய நாட்டம். பிற்பாடு ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள், பாலிசி எடுத்தவர்களின் மரணக் கணக்கிலிருந்து, உயரத்துக்கு உகந்த எடை இன்னது என்று அட்டவணைகள் வகுத்தன. 1972-இல் ஆன்ஸல் கீஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் கெட்டலேயின் விகிதத்தை மீட்டெடுத்து, அதற்கு இன்று வழங்கும் பெயரைச் சூட்டினார். யுத்த காலத்தில் 36 வாலிபர்களைக் கொண்டு பட்டினியின் விளைவுகளை ஆராய்ந்தவரும் இந்தக் கீஸ்தான். அவர் நூறு வயது வாழ்ந்து 2004-இல் மறைந்தார்.

குறியெண் 18.5-க்குக் கீழே மெலிவு, 25-க்கு மேலே மிகை எடை, 30-க்கு மேலே ஸ்தூலம் என்ற எல்லைகள் வயது பேதமின்றி எல்லாருக்கும் விதிக்கப்பட்டிருப்பதை முதலில் வலுவாக ஆட்சேபித்தவருள் ஒருவர், பால்டிமோர் நகரத்தில் முதுமையை ஆராய்ந்துவந்த ரூபின் ஆண்ட்ரஸ். இன்ஷூரன்ஸ் கணக்குகளையே திரும்ப ஆராய்ந்து, மரணம் மிகக் குறைவாக நேரும் எடை வயது ஏற ஏறத் தானும் உயர்ந்து செல்கிறது என்று 1985-இல் அவர் வெளியிட்ட கருத்து, அக்காலத்தில் பெருத்த விவாதத்தைக் கிளப்பியது. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

இதிலே இன்னொரு நுட்பமும் இருக்கிறது. முதுமையில் முதுகெலும்பின் இடைத்தட்டுக்கள் வற்றியும், எலும்புக் கட்டைகள் அமுங்கியும், உயரமே குறைகிறது. பால்டிமோரில் 1958 முதல் தொடர்ந்து நடந்துவரும் ஆய்வின்படி, முப்பது வயதுக்கும் எண்பது வயதுக்கும் இடையே ஆண்கள் சராசரி 5 சென்டிமீட்டரும் பெண்கள் 8 சென்டிமீட்டரும் குட்டையாகின்றனர். 165 சென்டிமீட்டர் உயரமும் 58 கிலோ எடையும் உடைய ஒருவர் 160 சென்டிமீட்டராகக் குறுகினால், அவருடைய எடையில் ஒரு கிராமும் கூடாமலேயே குறியெண் 21.3-லிருந்து 22.7-க்கு ஏறிவிடுகிறது. உடல் இளைத்துக்கொண்டே வரும் கிழவர் காகிதத்தில் மட்டும் அப்படியே இருப்பதாகத் தோற்றமளிப்பதற்கு இது போதும்.

சரி, எந்த எடையுடைய முதியோர் நெடுநாள் வாழ்கின்றனர்? 2014-இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் சிலர், 65 வயதும் அதற்கு மேலும் ஆன 1,97,940 பேரைப் பற்றிய 32 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தனர். மரணம் மிகக் குறைந்திருந்தது, குறியெண் 24-க்கும் 31-க்கும் இடைப்பட்டோரிடம். 23-க்குக் கீழே இறங்க இறங்க ஆபத்து ஏறியது. குறியெண் 21 என்ற படியில் நூற்றுக்கு 12 பங்கும், 20 என்ற படியில் 19 பங்கும் கூடுதல். ஸ்தூலத்தின் பக்கம் இதற்கு ஒத்த ஆபத்து, 33-ஐத் தாண்டிய பிறகே தலைகாட்டியது. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள மூதாட்டி ஒருத்திக்கு 23 என்பது ஏறக்குறைய 52 கிலோ. நம் வீடுகளில் 'கச்சிதமான உடம்பு' என்று பெயர் வாங்கும் பாட்டிமார் பலர் இந்தக் கோட்டுக்குக் கீழேதான் நிற்பார்கள்.

ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டுவதற்கில்லை. இரண்டாண்டு கழித்து, 2016-இல், நான்கு கண்டங்களைச் சேர்ந்த 239 ஆய்வுகளை இணைத்து வெளிவந்த மகா கணக்கொன்று, ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களிலிருந்து புகை பிடித்தவர்களையும், நீண்ட நோய் உடையவர்களையும், முதல் ஐந்தாண்டுகளுக்குள் இறந்தவர்களையும் நீக்கிவிட்டு, எஞ்சிய சுமார் 40 இலட்சம் பேரைப் பார்த்தது. அதில் 20-க்கும் 25-க்கும் இடைப்பட்ட எடையே உத்தமம் என்று கண்டது. எனினும் மிகை எடையால் வரும் தீங்கு, வயது முதிர்ந்தவரிடம் இளையவரிடம் உள்ளதைவிடக் குறைந்தே காணப்பட்டது என்பதை அந்தக் கணக்கும் ஒப்புக்கொள்கிறது. முற்கூறிய மூவகையினரையும் ஏன் நீக்க வேண்டும் என்றால், நோய் உள்ளவன் மெலிகிறான், மெலிந்தவன் இறக்கிறான், மரணத்துக்கு மெலிவைக் காரணம் சொன்னால், கூரை ஒழுகியதற்கு நனைந்த பாயைக் குற்றம் சொல்வது போலாகும் என்பது அந்த ஆராய்ச்சியாளர்களுடைய வாதம். இதில் பெரிய நியாயம் உண்டு. இலண்டனில் அரசாங்க உத்தியோகஸ்தர் பதினாயிரம் பேரை 28 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஒயிட்ஹால் ஆய்வில், ஐம்பது வயதில் ஸ்தூலமாயிருந்தவருக்குப் பிற்பாடு மறதி நோய் வரும் வாய்ப்பு மிகுதியாகவே இருந்தது. ஆனால் அந்நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே நோயாளிகளின் எடை பிறரைவிடக் குறைந்திருந்தது. வியாதி பெயர் பெறுவதற்கு முன்னே உடல் அதை அறிந்துகொண்டுவிடுகிறது.

இந்த இரண்டு கட்சிகளையும் ஒருசேர வைத்துப் பார்க்கையில் எனக்குப் படுவது இதுதான்: முதியவர் ஒருவர் எந்த எண்ணில் நிற்கிறார் என்பதைக் காட்டிலும், எந்தத் திசையில் நகர்கிறார் என்பதே கவனிக்கத் தக்கது. முயலாமலே ஆறு மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் எடையில் நூற்றுக்கு 5 பங்கு இழப்பதை வைத்தியர்கள் ஆராய வேண்டிய அறிகுறியாகக் கொள்கின்றனர். அறுபது கிலோ உள்ளவருக்கு அது மூன்று கிலோ. பழைய சட்டை சற்றே தொளதொளப்பதோடு நின்றுவிடும் அந்த இழப்பு வீட்டார் கண்ணில் எளிதில் படுவதில்லை. இந்தியருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே குறியெண்ணில் ஐரோப்பியரைவிட ஆசியருக்குக் கொழுப்பு மிகுதி என்பதால், 23-க்கு மேற்பட்டாலே எச்சரிக்கை கொள்ளுமாறு உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு கருத்துரைத்து, அது 2004-இல் பிரசுரமாயிற்று. நடுவயது இந்தியனுக்கு மேல் எல்லையாக நிற்கும் அதே எண், பெரும்பாலும் மேல்நாட்டாரைக் கொண்ட ஆய்வுகளில் முதியோருக்குக் கீழ் எல்லையாகத் தோன்றுகிறதென்றால், எண்ணைப் பிடித்துத் தொங்குவதில் எவ்வளவு பயன் இருக்கும்?

எண்ணுக்குள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். எடை என்பது தசை, கொழுப்பு, எலும்பு, நீர் ஆகியவற்றின் கூட்டுக் கணக்கு. முதுமையில் கூட்டுத்தொகை மாறாதிருக்கும்போதே தசையின் பங்கு தேய்ந்து கொழுப்பின் பங்கு வளர்ந்துவிடும். பல நூற்றாண்டுகளாக எல்லார் கண்ணெதிரிலும் நடந்துவந்த இந்தத் தேய்வுக்கு ஒரு பெயர்கூட இல்லாதிருந்தது. 1988-இல் அமெரிக்காவின் அல்புகர்க் நகரில் கூடிய ஒரு கூட்டத்தை ஒட்டி, இர்வின் ரோஸன்பர்க் என்பவர், மாமிசம், இழப்பு என்ற பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து சார்கோபீனியா என்று அதற்குப் பெயரிட்டார். பெயர் இருந்தாலன்றி எவரும் அதைப் பொருட்படுத்தமாட்டார் என்பது அவருடைய எண்ணம், அது பலித்தும்விட்டது. தசை தேய்ந்தால் நாற்காலியிலிருந்து எழுவது சிரமம், படியேறுவது சிரமம், தடுக்கினால் சமாளித்து நிற்பது அதைவிடச் சிரமம். இந்தத் தேய்வு எவ்வளவு வேகமாக நேரக்கூடும் என்பதை 2007-இல் வெளியான ஒரு சிறு பரிசோதனை காட்டியது. சராசரி 67 வயதுடைய ஆரோக்கியமான பன்னிரண்டு பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே கிடக்கச் செய்தார்கள். வேளாவேளைக்கு ஆகாரம் தவறவில்லை. நோய் ஒன்றும் இல்லை. பத்தாம் நாள் முடிவில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோயோடும் பத்தியத்தோடும் ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்துவிட்டு, 'ஜுரம் விட்டது, கால்தான் நிற்கமாட்டேன் என்கிறது' என்று திரும்பும் முதியவரின் கதை இதிலே அடங்கிவிடுகிறது.

இனி, முதியோர் ஏன் குறைத்து உண்கின்றனர் என்பதைப் பார்ப்போம். செலவு குறைகிறது என்பது ஒரு காரணம். 29 நாடுகளைச் சேர்ந்த, பிறந்து எட்டு நாளான சிசு முதல் 95 வயது வரையிலான 6,400-க்கு மேற்பட்டோரிடம் அளந்து 2021-இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, உடலின் பருமனுக்கு ஏற்பத் திருத்திப் பார்த்தால், சக்திச் செலவு 20 வயதிலிருந்து 60 வரை மாறாமல் நின்று, அதன் பிறகே ஆண்டுக்கு நூற்றுக்கு 0.7 பங்காக இறங்குகிறது. நாற்பது வயதிலேயே தொந்தி விழுந்ததற்கு வயதின்மேல் பழி போடுவோருக்கு இது சற்று ஏமாற்றமாக இருக்கும். ஆனால் செலவு குறைவதால் மட்டும் பசி குறைவதில்லை. பசியை ஆளும் கருவியே பழுதுபடுகிறது. 1994-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வாலிபர் சிலருக்கும் முதியவர் சிலருக்கும் 21 நாள் வேண்டுமென்றே உணவைக் குறைத்துக் கொடுத்து, பின்பு விருப்பம்போல் உண்ண விட்டார்கள். வாலிபர்கள் தாமாகவே கூடுதலாக உண்டு இழந்த எடையை மீட்டுக்கொண்டார்கள். முதியவர்களுக்கு அந்தத் தூண்டுதல் எழவில்லை. இழந்தது இழந்தபடியே நின்றது. ஒரு ஜுரத்தில் போன எடை கிழவருக்குத் திரும்பி வராமல், அடுத்த ஜுரம் அதன்மேல் இன்னொரு படி இறக்கிவிடுவதற்கு இதுவே காரணம். முதுமையின் இந்த அருசியை ஜான் மார்லி என்ற வைத்திய நிபுணர் 1980-களின் இறுதியில் தனியொரு நிலையாகவே வகுத்துக் காட்டினார்: இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லும் சுரப்புகள் உரத்துப் பேசுகின்றன, வாசனையறியும் சக்தி மங்குவதால் உணவு வெறும் சுமையாகிறது.

சரீர தர்மம் இவ்வாறிருக்க, மற்றவை அதன்மேல் வந்து ஏறுகின்றன. பல் போனவர் முதலில் கைவிடுவது சுண்டலையும் கறியையும் காய்களையும். கடைசியில் மிஞ்சுவது குழைந்த சாதமும் ரசமும் கஞ்சியும். துணையை இழந்தவர் தமக்காக மட்டும் அடுப்பு மூட்டுவதில்லை. ஒரு காலத்தில் சில குடும்பங்களில் விதவைக்கு ஒருவேளைச் சாப்பாடு என்பது சாஸ்திரமாகவே விதிக்கப்பட்டிருந்தது. இன்று அந்தச் சாஸ்திரம் மறைந்தாலும், எல்லாரும் உண்டபின் மிஞ்சியதைத் தான் உண்ணும் வழக்கம் பல மூதாட்டியரிடம் மறையவில்லை. மருந்துகளும் தம் பங்கைச் செய்கின்றன. இவையெல்லாவற்றையும்விட என்னை வருத்துவது பத்தியங்களின் குவிப்பு. சர்க்கரைக்காக ஒரு வைத்தியர் இனிப்பையும் சோற்றையும் குறைக்கிறார். இரத்த அழுத்தத்துக்காக மற்றொருவர் உப்பை எடுக்கிறார். இருதயத்துக்காக மூன்றாமவர் நெய்யையும் தேங்காயையும் முட்டையின் மஞ்சளையும் விலக்குகிறார். வாயுவென்று சொல்லி வீட்டுப் பெரியவர் பருப்பையும் தடுத்துவிடுகிறார். ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமானதுதான். ஒன்றாய்ச் சேர்ந்தபோது தட்டில் எஞ்சுவது இரண்டு உலர்ந்த சப்பாத்தி. அதைத் தின்ன மனமில்லாமல் ஒதுக்கி வைத்தால், 'பசி அடங்கிவிட்டது, நல்லதுதான்' என்கிறார்கள்.

ஆகாரத்தின் மொத்த அளவு குறையலாம். அதனுள் இருக்கவேண்டிய சத்துக்களின் தேவையோ குறைவதில்லை, சில ஏறவும் செய்கின்றன. விறகு குறைந்தாலும் வீட்டைப் பழுதுபார்க்கும் செங்கல் குறையக்கூடாது என்று உவமை சொல்லலாம். புரதத்தை எடுத்துக்கொள்வோம். உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் என்பது வயதானோர் இளையோர் யாவருக்குமாக நெடுநாள் வழங்கிவந்த அளவு. ஹைதராபாத்திலுள்ள தேசிய போஷாக்கு நிலையத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரையும் 0.83 என்றே கூறுகிறது. 2013-இல் ஐரோப்பிய, அமெரிக்க, ஆஸ்திரேலிய நிபுணர்கள் கூடி, 65-ஐக் கடந்தவருக்கு 1 முதல் 1.2 கிராம் வரையும், நோயுற்றவருக்கு 1.5 வரையும் வேண்டும் என்று முடிவு செய்தனர். (சிறுநீரகம் மிகவும் கெட்டு, இரத்த சுத்திகரிப்பு இன்னும் தொடங்காதவரை அவர்கள் இதிலிருந்து விலக்கியிருப்பதை மறந்துவிடக்கூடாது.) காரணம், கிழத்தசை புரதத்தின் அழைப்புக்கு மந்தமாகவே செவிசாய்க்கிறது: ஒரு வேளை உணவில் இளைஞனுக்குக் கிலோவுக்கு 0.24 கிராம் புரதம் தசை வளர்ச்சியை முழுதும் தூண்டிவிடுகையில், முதியவருக்கு 0.40 வேண்டியிருக்கிறது. எழுபது வயதுக்கு மேற்பட்ட இரண்டாயிரம் அமெரிக்கரை மூன்றாண்டு பார்த்த ஓர் ஆய்வில், புரதம் மிகுதியாக உண்ட ஐந்தில் ஒரு பகுதியினர், மிகக் குறைவாக உண்ட ஐந்தில் ஒரு பகுதியினரைவிட நூற்றுக்கு 40 பங்கு குறைவாகவே தசையை இழந்தனர்.

இந்த அளவுகோலை நம் சாப்பாட்டு இலைக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். 55 கிலோ எடையுள்ள, மாமிசம் உண்ணாத ஒரு பெரியவர். காலையில் மூன்று இட்டிலி, சாம்பாரோடு: ஏறக்குறைய 9 கிராம் புரதம். நண்பகலில் 150 கிராம் அரிசியின் சோறு, அதில் 11 அல்லது 12. சாம்பாரில் கரைந்த துவரம்பருப்பு 25 கிராம், அதில் 5. ஒரு கரண்டித் தயிரும் காய்கறியும் சேர்ந்து 5. இரண்டு வேளைக் காப்பியின் பாலில் 6. இரவில் கோதுமை ரவை உப்புமா அல்லது இரண்டு சப்பாத்தி, 6. எல்லாம் கூட்டினால் 42, 43. வேண்டியது 55 முதல் 66 வரை. இதுவும் மூன்று வேளையும் நன்றாக உண்ணும் ஒருவரின் கணக்கு. என் அத்தை உண்டதோ இதில் பாதி. தவிரவும், அரிசியின் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. அரிசியோடு உளுந்து சேர்த்து அரைத்த நம் முன்னோர் இரசாயனம் படிக்காமலே இதைச் சரிக்கட்டிவிட்டனர். ஆனால் பருப்பு வேண்டாம் என்று தெளிந்த ரசத்தை மட்டும் ஊற்றிக்கொள்ளும்போது அந்தச் சாமர்த்தியம் வீணாகிறது. குறைபடும் 15, 20 கிராமை நிரப்ப மேல்நாட்டு மாவு டப்பா ஒன்றும் அவசியமில்லை. இரண்டு முட்டையில் 12 கிராம் உண்டு. முட்டை உண்ணாதவருக்கு ஒரு பெரிய தம்ளர் பாலும், வேகவைத்து மசித்த ஒரு கைப்பிடிக் கொண்டைக்கடலையும் ஏறக்குறைய அதே அளவைத் தரும். அந்த 9 கிராம் காலை உணவைத்தான் முதலில் திருத்தவேண்டும் என்பது என் அபிப்பிராயம். முதியவர்களுக்குப் பசி இருப்பது பெரும்பாலும் காலையில்தான்.

மற்றச் சத்துக்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பி12 என்னும் வைட்டமின் பாலிலும் முட்டையிலும் மாமிசத்திலும் உள்ளது; உணவோடு பிணைந்திருக்கும் அதைப் பிரித்தெடுக்க இரைப்பையின் அமிலம் வேண்டும். வயதானோரில் நூற்றுக்கு 10 முதல் 30 பேருக்கு அந்த ஜீரணம் சரிவர நடப்பதில்லை. நீரிழிவுக்கென உட்கொள்ளும் மெட்ஃபார்மின் மாத்திரை நாளடைவில் இக்குறையை மிகுவிக்கிறது. மாத்திரை உருவில் வரும் பி12-க்கு அமிலத்தின் தயவு தேவையில்லை என்பதால் பரிகாரம் எளிது. வைட்டமின் டி-யைச் சூரிய வெளிச்சத்தில் உண்டாக்கும் திறன் முதிர்ந்த தோலுக்குப் பாதிக்கும் கீழாகக் குறைந்துவிடுகிறது. ஆயினும் குறையே இல்லாதவர் எல்லாரும் அதை விழுங்குவதால் எலும்பு முறிவு தடைபடுவதில்லை என்பதை, 25,871 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனை தெளிவாக்கியது. சுண்ணாம்புச் சத்துக்குப் பாலும் தயிரும் கீரையும் கேழ்வரகும் இருக்கின்றன. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் உண்டு.

உண்மையிலேயே பருத்திருக்கும் முதியவர் என்ன செய்வது? முழங்கால் வலியும் மூச்சுத்திணறலுமாக அவதிப்படுபவரிடம் 'எடை உமக்குக் காப்பு' என்று சொல்வது கொடுமை. 65-க்கு மேற்பட்ட ஸ்தூல சரீரிகள் 107 பேரை ஓராண்டு வைத்துப் பார்த்து டென்னிஸ் வில்லரியல் குழுவினர் 2011-இல் வெளியிட்ட முடிவு இதற்கு நல்ல வழி காட்டுகிறது. ஆகாரத்தை மட்டும் குறைத்தவர் எடையில் பத்தில் ஒரு பங்கு இழந்தனர். ஆனால் தசையிலும் நூற்றுக்கு 5 பங்கு போயிற்று. ஆகாரக் குறைப்போடு தேகப் பயிற்சியும் செய்தவர் ஏறக்குறைய அதே எடையை இழந்தும், தசையில் இழந்தது 3 பங்கே. அவர்களுடைய உடற்செயல் திறன் 21 பங்கு உயர்ந்தது, ஆகாரத்தை மட்டும் குறைத்தவரிடம் 12. பயிற்சியின் மகிமைக்கு இதைவிட வியப்பான சான்று, பாஸ்டன் நகர முதியோர் இல்லமொன்றில், சராசரி 87 வயதான, தளர்ந்த நூறு பேரிடம் மரியா ஃபியாடரோன் நடத்தி 1994-இல் வெளியிட்டது. பத்து வாரம் கால்களால் பாரம் தள்ளும் பயிற்சியில் தசைபலம் இரட்டிப்புக்கு மேலாயிற்று. பயிற்சியில்லாமல் சத்துப் பானம் மட்டும் பருகியவருக்கு ஒன்றும் நேரவில்லை. உண்பது தசையாக வேண்டுமானால் அந்தத் தசைக்கு வேலை இருக்கவேண்டும். ஆதலால், பட்டினியினால் இளைக்க முயலும் எழுபது வயதினரைக் கண்டால் தடுக்கவே தோன்றுகிறது.

மெலிந்தவருக்கு ஊட்டினால் பயனுண்டா என்ற கேள்விக்குக் கிடைத்த விடை ஒரே நிறமாக இல்லை. சத்துப் பானங்களைப் பற்றிய 62 பரிசோதனைகளை 2009-இல் தொகுத்தபோது, எடை சராசரி நூற்றுக்கு 2.2 பங்கு ஏறியது தெரிந்தது. மரணம் குறைந்ததாகத் தெரிந்தது முன்னமே போஷணைக் குறைவுற்றிருந்தவரிடம் மாத்திரம். ஸ்விட்ஸர்லாந்தின் எட்டு ஆஸ்பத்திரிகளில், போஷணை குன்றும் நிலையிலிருந்த 2,088 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு அவரவர் தேவைக்கும் ருசிக்கும் ஏற்ப உணவைத் திட்டமிட்டுக் கொடுத்தபோது, முப்பது நாளில் இறந்தோர் நூற்றுக்கு 10-லிருந்து 7-ஆகக் குறைந்தனர். ஆனால் என் மனத்தை மிகவும் கவர்ந்தது, மெல்போர்னைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஆஸ்திரேலியாவின் 60 முதியோர் இல்லங்களில் 7,195 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வு. மருந்தோ மாவோ ஒன்றுமில்லை. ஒரு பகுதி இல்லங்களில் சமையற்காரர்களிடம் சொல்லிப் பாலையும் தயிரையும் பாலாடைக் கட்டியையும் அன்றாட உணவில் கூட்டினார்கள்; புரதம் கிலோவுக்கு 1.1 கிராமாக உயர்ந்தது. இரண்டாண்டில் எலும்பு முறிவுகள் மூன்றில் ஒரு பங்கும், இடுப்பெலும்பு முறிவு நூற்றுக்கு 46 பங்கும், கீழே விழுவது 11 பங்கும் குறைந்தன. மரணத்தில் வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எண்பத்தாறு வயதில் இடுப்பு முறியாமல் நடமாடுவது அற்பமான லாபமா?

இந்தியாவின் நிலை இரண்டு துருவங்களாகப் பிளந்து கிடக்கிறது. 2017-18-இல் தேசம் முழுவதும் நடந்த முதுமை ஆய்வின்படி, அறுபதைக் கடந்தவரில் நூற்றுக்கு ஏறக்குறைய 27 பேர் குறியெண் 18.5-க்கும் கீழே, ஐந்தில் ஒருவருக்கு மேல் 25-க்கு மேலே. மெலிவு கிராமத்திலும் ஏழ்மையிலும் மிகுதி; பருமன் நகரத்திலும் வசதியிலும் மிகுதி. நகரத்துக்காரரை நோக்கி எழுதப்பட்ட 'குறையுங்கள்' என்ற உபதேசம் பத்திரிகை வழியாகவும் உறவினர் வழியாகவும் கிராமத்துக் கிழவியையும் சென்றடைகிறது என்பதுதான் விபரீதம். தமிழ்நாட்டில் 1982-இல் குழந்தைகளுக்கெனப் பெரிதாக விரிந்த சத்துணவுத் திட்டம், பின்னர் அரசாங்க உதவித்தொகை பெறும் முதியோருக்கும் திறக்கப்பட்டது. வயோதிகனுக்குப் பணம் கொடுத்தால் போதாது, ஒரு வேளைச் சூடான சோறும் வேண்டும் என்று உணர்ந்த அந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன். குழந்தையின் தட்டில் விழும் முட்டை அந்த முதியவரின் தட்டிலும் விழவேண்டும் என்று கேட்பது பேராசையாகாது.

எடைக்கருவி எல்லா வீட்டிலும் இல்லை. இருந்தாலும் முதுகு வளைந்தவரை நிமிர்த்தி உயரம் அளப்பது எளிதன்று. ஆகவே பிரான்ஸிலும் ஸ்விட்ஸர்லாந்திலும் 1990-களில் உருவான போஷணைச் சோதனை ஒன்று, கெண்டைக்காலைச் சுற்றி நாடாவைப் பிடித்துப் பார்க்கச் சொல்கிறது. 31 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கவனிக்கவேண்டும். ஜப்பானியர் அந்த நாடாவையும் வேண்டாமென்று விட்டனர். இரு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வளையம் செய்து, கெண்டைக்காலின் தடித்த பகுதியில் கோத்துப் பார்க்கவேண்டும். விரல் வளையம் என்றே அதற்குப் பெயர். விரல்கள் எட்டாவிட்டால் நன்று; வளையத்துக்கும் காலுக்கும் இடையே சந்து தெரிந்தால் தசை தேய்ந்திருக்கிறது. காஷிவா நகரத்தில் 65-க்கு மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்ததில், சந்து தெரிந்தவர்களே பின்னாளில் அதிகமாகப் பிறர் உதவியை நாடவும் இறக்கவும் நேர்ந்தது. இதைப் படித்த அன்று நானும் குனிந்து என் காலைப் பிடித்துப் பார்த்தேன். விரல்கள் மட்டுமட்டாகத் தொட்டன. அத்தைக்கு இந்தச் சோதனையே தேவைப்பட்டிராது. அவளுக்கு மோதிரம் இருந்தது, அதில் சுற்றிய நூலும் இருந்தது.